வலது பலகை, இடது பலகை

கல்லூரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் உளியும் ரம்பமும் பிடித்தவனை, நாலு மரப் பலகைகளோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். கோவையில் கிளம்பும்போதே எனக்குக் கோபம். விருதுநகரில் இறங்கியபோது அது இரண்டு மடங்காகியிருந்தது. வெயில் ஒரு காரணம். மூன்று பலகைகள் சாக்குக்குள் கட்டுண்டு காலடியில் கிடக்க, நாலாவது வழி முழுக்க என் மடியில் இருந்தது இன்னொரு காரணம்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் இன்குபேட்டர் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்பதன வசதி, எட்டு மேசை. தொழில் தொடங்க யோசனை வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வருடம் ஒரு மேசை கொடுப்பார்கள். பட்டறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரிய தொழிலதிபர்கள் மாதம் ஒருமுறை வந்து புத்தி சொல்வார்கள். எட்டு மேசையில் ஆறு கம்ப்யூட்டர் ஆட்களுக்கு. மீதி இரண்டு 'சமூகத் தொழில்முனைவோர்' என்பவர்களுக்கு. ஊருக்கு உதவுகிற பொருளைச் செய்து, அதை விற்றே பிழைக்க வேண்டியவர்கள் என்று விளக்கினார்கள். இதற்கு எதற்குத் தனிப்பெயர், எங்கள் ஊர் தச்சனும் கொல்லனும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்டேன். 

ஏழாவது மேசையில் இருந்தவள் ரூத். சிவகாசி பக்கத்துத் திருத்தங்கல்காரி. அம்மா எஸ்தர் நர்ஸ். இடுப்பு வலி, முதுகு வலி என்று அம்மாவிடம் வரும் பட்டாசுத் தொழிலாளிப் பெண்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து மருந்து அடைப்பவர்களுக்கு ஒரு பலகை செய்ய வேண்டும் என்பது அவள் யோசனை. நாற்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருந்தாள். பலகையைச் செய்தவன் நான். நான்கு விரல் உயரம், முன்பக்கம் சின்ன விளிம்பு, பின்னால் முதுகுச் சாய்வு. பட்டாசு அறைக்குள் இரும்பு ஆகாது என்பதால் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, எல்லாம் மர முளைதான். எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை பரிசீலனைக் குழு கூடுகிறது. ஒரு பட்டாசுக் கம்பெனியாவது பலகையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரூத்தின் மேசை வேறு ஆளுக்குப் போய்விடும், பலகையும் அத்தோடு முடிந்தது. அந்தக் குழு கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்காகத்தான் ரூத்தும் நானும் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. எங்கள் ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள். இங்கே எண்ணெயில் முக்கி, முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று எடுத்து, சால்னாவை மேலே கவிழ்த்துவிடுகிறார்கள். வைத்தியர் பார்த்தால் அழுவார். நான் ஐந்து தின்றேன். பக்கத்தில் பலகையைச் சாத்தியிருந்ததைக் கடைக்காரர் பார்த்தார்.

"என்ன சார், சொந்தப் பலகை கொண்டாந்திருக்கீக? எங்க பெஞ்சுல உக்காந்தா ஒட்டிக்கிடுமோ?"

"உங்க பெஞ்சு ஆடுதுங்க" என்றேன்.

"அது ஆடத்தான் செய்யும். ஆடலேன்னா சாப்பிட்டவுக எந்திரிக்க மாட்டாக."

எதிர் மேசையில் வடக்கத்தி வியாபாரிகள் இருவர், தீபாவளி ஆர்டருக்கு வந்தவர்கள், இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் இரண்டு வருடம் இருந்த புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது. "இந்த ஊரில் சும்மா நிற்கிற மனிதன் ஒருவனைக் காட்டு" என்றார் ஒருவர். மற்றவர் சன்னலைப் பார்த்துவிட்டு, "வெயில் ஒன்றுதான் சும்மா நிற்கிறது" என்றார். "அதுவும் சும்மா நிற்கவில்லை, யாரோ வீட்டு வெடியைக் காயவைத்துக்கொண்டிருக்கிறது" என்றார் முதலாமவர்.

சிவகாசி பஸ்ஸில் கண்டக்டர் பலகைகளை உள்ளே விடவில்லை. நாலையும் ஒரே சாக்கில் கட்டிக் கூரைமேல் போடச் சொன்னார். போட்டோம். ஆமத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒருவர் மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்தார்.

"ஏலே, நிப்பாட்டுலே! சாமான் விளுந்து கெடக்கு!"

இறங்கி ஓடினோம். சாக்கு சாலை நடுவில் கிடந்தது. மூன்று பலகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றின் முதுகுச் சாய்வு மட்டும் பெயர்ந்து தனியாக வந்திருந்தது. நான் கண்டக்டரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒடைஞ்சது முதுகுதான சார்? உக்கார்ற எடம் கல்லு மாதிரி இருக்கே. சும்மா ஏறுங்க."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ரூத்தும் சிரித்தாள். 

சனிக்கிழமை காலை ஆனைக்குட்டம் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போனோம். ரூத்தின் தெருவில் இருக்கும் முத்துலட்சுமி அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் சொல்லித்தான் போர்மேன் சங்கரலிங்கம் எங்களை வரச் சொல்லியிருந்தார். வாசலிலேயே என்னை உரித்துவிட்டார்கள். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். அது சரி. பெல்ட்டில் பக்கிள் இரும்பு, கழற்று. பையில் ஸ்க்ரூடிரைவர், இரும்பு ஸ்கேல், வை இங்கே. செருப்பு வெளியே. கடைசியில் வாட்ச்மேன் என் கால்சட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பாலியஸ்டரு. இதோட உள்ள விட மாட்டேன்."

"பின்னே எதோட போறதுங்க?"

அவருடைய பருத்திச் சாரத்தைக் கொடுத்தார், எங்கள் ஊரில் கைலி என்போம். பச்சைக் கட்டம் போட்டது. அதைக் கட்டிக்கொண்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். கூடவே வந்த ரூத் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. சிரிப்பை அடக்குவது முதுகிலேயே தெரிந்தது.

போர்மேனுக்கு ஐம்பது வயதிருக்கும். குரல் மட்டும் இருபது வயது. பலகையை வாங்கிக் கவிழ்த்தார். அடியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் கல்லூரியின் முத்திரை. நான் முடித்துக் கொடுத்த பிறகு இன்குபேட்டர் ஆட்கள் பொருத்தியது.

"இதுல என்ன திருகாணி?"

பார்த்தேன். இரும்பு. பலகைக்கு இரண்டு, மொத்தம் எட்டு. ஓர் ஆணிகூட இல்லாமல் நான் செய்த பலகையில் இருந்த இரும்பு முழுவதும் எங்கள் கல்லூரியின் பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது! கழற்றலாம் என்றால் என் ஸ்க்ரூடிரைவர் வாசலில். நாலு பலகையையும் தூக்கிக்கொண்டு, சாரம் தடுக்க, திரும்ப வாசலுக்கு நடந்தேன். எட்டுத் திருகாணியையும் கழற்றும் வரை என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. வாட்ச்மேன் ரசித்துக் கேட்டார்.

பட்டாசு அறை ஒன்றில் நாலு பேருக்குமேல் உட்காரக் கூடாது. தரை முழுக்க ரப்பர் விரிப்பு. இரண்டு பக்கமும் கதவு. மருந்து இல்லாத காலி அறை ஒன்றைப் போர்மேன் ஒதுக்கிக் கொடுத்தார். முத்துலட்சுமியும் இன்னும் மூன்று பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதுகு உடைந்த பலகையை முத்துலட்சுமி எடுத்துக்கொண்டாள்.

"சாஞ்சுக்கிட்டு வேலை பாக்கதா? ஏட்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீகளே!"

"நீ பேசாத. ஒனக்குத்தான் முதுகு இல்லாத பலகை."

சிரிப்பு அடங்கவில்லை. ரூத் முகமெல்லாம் பல்லாக நின்றாள். அப்போது போர்மேன் படீரென்று கையைத் தட்டி, "ஓடு!" என்று கத்தினார்.

நாலு பேரும் பாய்ந்தார்கள். ஒருத்தியின் சேலை முதுகுச் சாய்வில் மாட்டியது. ஒருத்தி பலகையோடு சேர்ந்து கவிழ்ந்தாள். முத்துலட்சுமி முன் விளிம்பில் கால் இடறி, கதவருகே கையை ஊன்றி விழுந்தாள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

போர்மேன் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தாயி, ஒன் பலகை நல்ல பலகை. முதுகு வலிக்காது. ஆனா தீப்பிடிச்சா இதுல உக்காந்தவுக செத்துப்போவாக. முதுகு வலிச்சா தைலம் தேச்சுக்கிடலாம்."

ரூத் கவிழ்ந்த பலகையை நிமிர்த்தி வைத்தாள். போர்மேனுக்கே மனசு கேட்கவில்லை போல. "திங்கக்கிளமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வா. சரிபண்ணிக் கொண்டாந்தா இன்னொருவாட்டி பாப்பம்" என்றார்.

அன்று சாயங்காலம் திருத்தங்கலில் தன் வீட்டில் இருந்து ரூத் இன்குபேட்டர் மேலாளருக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். வரைபடத்தை இப்போது மாற்றாதே, பதிவுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார் அவர். "அம்மாவுக்குத் தெரிஞ்ச கம்பெனி ஏதாவது இருக்குமே. லெட்டர்பேடில் நாலு வரி வாங்கிட்டு வந்துடு. குழு கேக்கிறது லெட்டர்தான்" என்றார்.

அது நடக்கக்கூடியதுதான். எஸ்தரம்மா ஊசி போடாத முதலாளி திருத்தங்கலில் இல்லை. கேட்டால் பத்து நிமிடத்தில் முத்திரையோடு கடிதம் வந்துவிடும். ரூத் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லெட்டர் இருந்தா எனக்கு மேசை கெடைக்கும் சார். முத்துலச்சுமியக்கா விளுந்தாகளே, அவுகளுக்கு என்ன கெடைக்கும்?"

"அப்போ மேசை போயிரும் அம்மணி."

"போகட்டும். அம்மாகிட்ட கேக்க மாட்டேன்."

சமூகத் தொழில்முனைவோர் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

உள்ளே இருந்து எஸ்தரம்மா, "இன்குபேட்டருன்னா எங்க ஆஸ்பத்திரியில குறைமாசப் பிள்ளைய வப்போமே, அதுதான? அதுல வச்ச பிள்ளைய சும்மா சும்மா வெளிய எடுத்துப் பாக்கக் கூடாது, அதே மாதிரி வெளிய எடுக்காமலேயும் இருந்திரக் கூடாது" என்றார். கோழிக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். அத்தனை காரம். கண்ணில் நீர் வழிய இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரூத்தும் எஸ்தரம்மாவும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தார்கள். நான் முற்றத்தில் உடைந்த பலகையை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தேன். முத்துலட்சுமி மீன் கொண்டுவந்தாள். ஆனைக்குட்டம் அணை மீன். "நானே கழுவித் தாரேன் நர்ஸம்மா" என்று, என் முன்னால் கிடந்த அந்தப் பலகையையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரிவாள்மனையை எடுத்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் சம்மணம் போடவில்லை. வலது காலை மடக்கி, இடது காலைத் தரையில் ஊன்றி, முழங்காலை நிமிர்த்தி, உடம்பைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். ஊன்றிய கால் பலகையின் முன் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா?"

"எப்படி?" என்று குனிந்து தன் காலைத் தானே பார்த்தாள். "அட, ஆமா. அங்கன இப்படித்தான். மடக்கி உக்காந்தா எந்திரிக்க நேரமாகும்லா. அதே பளக்கம் வீட்டுலயும் வந்திருச்சு போல."

எங்கள் குளிர்பதன அறையில் கல்லூரி மாணவர்களை வரிசையாகச் சம்மணம் போடவைத்து, பந்திக்கு உட்கார்ந்தவர்களை அளப்பதுபோல் அளவெடுத்தோம். பட்டாசு அறையில் யாரும் பந்திக்கு உட்காருவதில்லை. நாற்பது பக்கத் திட்டத்தில் இந்தக் கால் எங்கும் இல்லை. திருத்தங்கலில் பிறந்த ரூத்துக்கும் இது தெரியாது. தினம் பார்ப்பதை யார் கவனிக்கிறார்கள்?

நான் தெருவில் இறங்கி நடந்தேன். தண்ணீர்க் குழாயடியில், டிவி பார்க்கும் வீட்டு வாசலில், பூக் கட்டும் இடத்தில் என்று உட்கார்ந்திருந்த பெண்களை எல்லாம் பார்த்தேன். ஒரு கால் ஊன்றியிருந்தால் பட்டாசு வேலை. இரண்டும் மடங்கியிருந்தால் அச்சக வேலை. பத்து வீட்டுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுதான் தப்பு. ரூத் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், பொம்பளைக காலையே பாத்துக்கிட்டு நடக்காதீக. எங்க தெருவுல அடி விளும்!"

ஆனால் அவளும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் கவனிக்காததை அவள்தான் கவனித்தாள். முத்துலட்சுமி ஊன்றுவது இடது கால். எதிர்வீட்டுப் பெண் ஊன்றுவது வலது. கேட்டால் முத்துலட்சுமி சிரித்தாள். "நான் உக்கார்ற எடத்துல கதவு எனக்கு இடப்பக்கம். அவளுக்கு வலப்பக்கம். அவ எடத்துல நான் உக்காந்தா எனக்கு வேலையே ஓடாது."

செருப்பு மாதிரி, பலகையிலும் இடது வலது வேண்டும்.

பக்கத்துத் தெருத் தச்சரிடம் ரம்பம் இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவரும் கூடவே வந்து உட்கார்ந்து குறை சொன்னார். மீதி மூன்றிலும் முதுகுச் சாய்வை நானே அறுத்தேன். மூன்று வாரம் இழைத்து இழைத்துச் செய்த சாய்வு.  பிறகு முன் விளிம்பை எடுத்தேன். இரண்டு பலகையில் இடது முன் மூலையையும், இரண்டில் வலது முன் மூலையையும், கால் ஊன்றும் அளவுக்கு வளைவாக வெட்டி எடுத்தேன். தெருவே கூடி யோசனை சொன்னது. "இன்னும் ரெண்டு விரக்கடை வெட்டுங்க சார், எங்க மாமியா பாதம் பெருசு" என்றது ஒரு குரல். முத்துலட்சுமி ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். குழம்பு ஆறிப்போய்விட்டது என்று எஸ்தரம்மா மூன்று தடவை கத்தினார்.

திங்கட்கிழமை நானாகவே வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் முகத்தில் சின்ன ஏமாற்றம்.

போர்மேன் இந்தத் தடவை இரண்டு பேரைப் பலகையிலும் இரண்டு பேரை வெறும் தரையிலும் உட்காரவைத்தார். அதே காலி அறை. எல்லோர் கையிலும் காகிதக் குழாய். உடனே கத்தவில்லை. நேற்று டிவி நாடகத்தில் அந்த மருமகள் என்ன ஆனாள் என்று கேட்டார். முத்துலட்சுமி ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினாள். "அவ மாமனாரு சொத்த எளுதிக் கொடுத்துட்டாருல்லா, ஒடனே அவ" என்று வரும்போது, "ஓடு!"

முத்துலட்சுமிதான் முதலில் வெளியே வந்தாள். இரண்டாவதும் பலகைக்காரிதான். தரையில் இருந்தவர்கள் அதற்குப் பின்னால். வெயிலில் காகிதக் குழாயோடு நின்றுகொண்டு முத்துலட்சுமி, "கதையச் சொல்ல விடலியே அண்ணாச்சி!" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள்.

ஆட்களை மாற்றி மறுபடி பார்த்தார். அதே கதைதான். இருக்கை நான்கு விரல் உயர்ந்திருந்ததால் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே பாதி எழுந்திருந்தார்கள். முதுகுக்காக வைத்த உயரம் காலுக்கு உதவியது. மூன்றாவது தடவை ஒருத்தி இடம் மாறி இடது பலகையை வலது பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஓடு!" என்றதும் பொத்தென்று உட்கார்ந்தபடியே சரிந்தாள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

போர்மேன் சிரிக்கவில்லை. "இதுக்கு ஒரு வளி பண்ணணும். இடதுக்குப் பச்சை, வலதுக்குச் செவப்பு. எங்க ஊர்ல கலருக்கா பஞ்சம்? பூசிக் கொண்டாங்க."

"இன்னொருவாட்டி ஓடணும்னா டீ வேணும் அண்ணாச்சி" என்றாள் முத்துலட்சுமி. டீ வந்தது.

கடிதத்துக்கு இன்குபேட்டர் ஒரு படிவம் கொடுத்திருந்தது. பயன்பெற்றவர் எண்ணிக்கை, வலி குறைந்த விழுக்காடு, உற்பத்தி உயர்ந்த விழுக்காடு என்று கட்டம் கட்டமாக. போர்மேன் கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். ஒரு கட்டத்தையும் நிரப்பவில்லை. அடியில் காலியாக இருந்த இடத்தில் எழுதி, முதலாளியிடம் காட்டி, முத்திரை போட்டுக் கொடுத்தார்:

'இதில் உட்கார்ந்தவர்கள் தரையில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் வெளியே வந்தார்கள். முதுகு வலி பற்றி ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன். நாலு பலகையும் இங்கேயே இருக்கட்டும்.'

நாலையும் விட்டுவிட்டோம். திரும்பும்போது என் மடியில் ஒரு கிலோ சாத்தூர் காராச்சேவு மட்டும் இருந்தது. கோவை வரை அது வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் புதிதாக ஒரு ஜோடி செய்து, பச்சையும் சிவப்பும் பூசினேன். புதன்கிழமை குழுவில் பம்புசெட் கம்பெனி முதலாளி ஒருவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "ஒரே பலகையாச் செஞ்சா செலவு பாதியாகுமே, எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார். மேலாளர் என்னை முறைத்தார். ரூத், கண்ணாடிக் கதவு உட்காருபவரின் வலப்பக்கம் இருக்கும்படி பச்சைப் பலகையைத் தரையில் போட்டு, "உக்காந்து பாருங்க சார்" என்றாள். இடது பலகை அது. நல்ல மனிதர், கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எந்தக் காலை ஊன்ற வேண்டும் என்று அவள் காட்டினாள்.

நான் கையைத் தட்டி, "ஓடு!" என்றேன்.

அவர் கம்பளத்தில் சரிந்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "அந்தச் சிவப்பைக் கொடும்மா" என்றார். இரண்டாவது தடவை கண்ணாடிக் கதவு வரை போய்விட்டார். திரும்பி வந்து உட்காராமலே கையெழுத்துப் போட்டார். இன்குபேட்டரில் மேசை கொடுத்ததும் முதல் வேலையாகப் பஸ் ஏற்றி அனுப்புங்கள், திட்டம் அப்புறம் எழுதட்டும் என்று நான் சொன்னதையும் குறித்துக்கொண்டார்கள். செய்வார்களா, தெரியாது.

ரூத்துக்கு இன்னும் ஒரு வருடம் மேசை கிடைத்தது. அந்த வருடத்தில் பாதி நாள் அது காலியாகத்தான் கிடந்தது. தேடி வருகிறவர்களிடம் நான் சொல்வேன்: "அம்மணி சிவகாசியில இருக்குதுங்க. யாரையோ ஓடச் சொல்லிப் பாத்துட்டு இருக்கும்."